மத்தியதரைக் கடலில் செங்கடல் ஒட்டுண்ணி நத்தையை இனங்காணுதல்: புதியவர்களுக்கான வழிகாட்டி

இஸ்ரேல், லெபனான், சைப்ரஸ், துருக்கியின் தென்கரை ஆகிய இடங்களில் ஆழமற்ற கடலடி மணலை அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலித்து, தங்கியதைத் தட்டில் பரப்பிப் பார்ப்பவருக்குச் சீரகத்தின் அளவுள்ள கூம்பு ஓடுகள் சில தென்படும். வெறுங்கண்ணுக்கு அவை எல்லாமே ஒன்றுபோல இருக்கும். ஆனால் அவற்றுள் சில பழங்காலம் தொட்டு அந்தக் கடலிலேயே வாழ்பவை (இயல்பினங்கள்). சில, 1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின் செங்கடலிலிருந்து வந்து சேர்ந்தவை (அயலினங்கள்). இரண்டையும் பிரித்தறிவது எப்படி என்பதை, நுண்ணிய நத்தைகளை இதற்கு முன் கையாளாத ஒருவருக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்கே எடுத்துக்கொள்ளும் நத்தைகள் பிரமிடெல்லிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. பெரும்பாலான நத்தைகளுக்கு இருக்கும் ராடுலா எனப்படும் அரம்போன்ற நாக்கு இவற்றுக்கு இல்லை. அதற்கு மாறாக, நீட்டக்கூடிய உறிஞ்சுகுழலும், அதன் நுனியில் ஊசிபோன்ற ஓர் உறுப்பும், உள்ளே இறைப்பான்போல் சுருங்கி விரியும் தசைப்பையும் இருக்கின்றன. இவற்றைக் கொண்டு சிப்பி, கடற்புழு, வேறு நத்தை ஆகியவற்றின் மென்மையான உடலைத் துளைத்து உடல்நீரை உறிஞ்சுகின்றன. இப்படி ஒட்டுண்ணிக்கு உணவாகும் உயிரியை ஓம்புயிரி என்பர். இந்த உறுப்புகள் எப்படி இயங்குகின்றன என்பதை 1949இல் வேரா ஃப்ரெட்டர், அலஸ்டர் கிரஹாம் என்னும் பிரிட்டிஷ் விலங்கியலாளர் இருவர் விரிவாக விளக்கினர். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பிருந்தே இவற்றின் ஓடுகளுக்கு நூற்றுக்கணக்கில் பெயர் சூட்டப்பட்டு வந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். உயிரைப் பார்க்காமல் ஓட்டை மட்டும் பார்த்துப் பெயரிட்ட அந்தப் பழக்கத்தின் குழப்பம் இன்றும் இந்தக் குடும்பத்தைவிட்டு நீங்கவில்லை.

சிறியது என்பதால் இதைப் புறக்கணிக்கலாகாது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பூனியா இம்ப்ரெசா என்னும் பிரமிடெல்லிட் நத்தை, அங்குள்ள உணவுச் சிப்பிகளைக் கொல்லும் பெர்க்கின்சஸ் மரினஸ் என்னும் நுண்ணுயிரியை ஒரு சிப்பியிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்துவது சோதனைகளில் காணப்பட்டுள்ளது. அந்த நத்தை அந்தக் கரைக்கே உரியது. அத்தகைய ஒன்று தனக்குப் பழக்கமில்லாத கடலுக்குள் நுழைந்தால் யாரைத் துளைக்கும், எதைக் கடத்தும் என்பதற்கு விடை தேடும் முன், வந்திருப்பது இன்ன நத்தைதான் என்று உறுதியாகத் தெரிந்தாக வேண்டும்.

முதற்படி: ஓம்புயிரியைவிட்டு நத்தையைப் பிரிக்காதீர்கள்

கரையில் ஒதுங்கிய மணலைச் சேகரிப்பது எளிது. ஓடுகளும் நிறையக் கிடைக்கும். ஆனால் அந்த மணல், நத்தை எங்கே, எதன்மேல் வாழ்ந்தது என்பதைச் சொல்லாது. ஆகவே மணல் மாதிரியோடு நிறுத்திக்கொள்ளாமல், உயிருள்ள சிப்பிகளையும், புழுக்கூடுகள் படிந்த கற்களையும், மற்ற நத்தைகளையும் தனித்தனிப் பைகளில், அவை வாழ்ந்த கடல்நீருடனேயே எடுத்துவர வேண்டும். இன்னொருவரின் கடற்கரையில் சேகரிப்பதற்கு முன் அந்த நாட்டின் அனுமதியைப் பெறுவது கட்டாயம். மாதிரிகளை எல்லை தாண்டிக் கொண்டுசெல்வதானால், மரபுவளங்களை எடுத்துப் பயன்படுத்துவதையும் அவற்றின் பலனைப் பகிர்வதையும் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமாக 2014 முதல் நடைமுறையில் உள்ள நகோயா நெறிமுறையின் விதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆய்வகம் வந்ததும் சிப்பியைக் கழுவிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். நானும் தொடக்கத்தில் அப்படிக் கழுவி, சிப்பியின் விளிம்பில் இருந்திருக்கக்கூடிய நத்தைகளை எல்லாம் தட்டின் அடியில் கலந்த குவியலாக்கி, எது எதன்மேல் இருந்தது என்ற செய்தியை மீட்கவே முடியாமல் இழந்திருக்கிறேன். கழுவும் முன் சிப்பியின் வாய் விளிம்பு முழுவதையும் உருப்பெருக்கியின் கீழ் சுற்றிப் பாருங்கள். இந்த நத்தைகள் பெரும்பாலும் ஓட்டின் விளிம்பிலேயே, உறிஞ்சுகுழலை உள்ளே நீட்ட வசதியான இடத்தில் அமர்ந்திருக்கும். நத்தையின் மேல் நத்தை உண்ணும் இடத்திலும் இதே முறைதான்: மேலே உள்ளது ஓம்புயிரியின் வாய் ஓரத்திலோ மூடியின் அருகிலோ இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. ஒன்றின்மேல் ஒன்று இருந்தது என்பதாலேயே அது ஓம்புயிரி ஆகிவிடாது. இரண்டையும் சிறு கண்ணாடிக் கிண்ணத்தில், தூய கடல்நீரில், அசைக்காமல் மங்கிய ஒளியில் வைத்துப் பாருங்கள். குழல் நீண்டு மென்தசைக்குள் இறங்குவதை நேரில் கண்டால் மட்டுமே 'உண்கிறது' என்று எழுதுங்கள். அப்படிக் காணாதபோது 'இதன்மேல் இருந்தது' என்று மட்டும் குறியுங்கள். செங்கடலிலிருந்து வந்த பிரமிடெல்லிட் நத்தைகள் பெரும்பாலானவற்றின் ஓம்புயிரி எது என்பது இதுவரை பதிவாகவில்லை. ஆகவே பொறுமையாகப் பார்த்த ஓர் இரவுகூட உண்மையான பங்களிப்பாகும்.

இரண்டாம் படி: உயிருடன் படம், பிறகு பாதுகாப்பு

உயிருள்ள நத்தையைச் சாராயத்தில் போட்டவுடன் அது ஓட்டுக்குள் ஒடுங்கி மூடியை இறுக அடைத்துக்கொள்ளும். அதன்பின் உடலின் நிறத்தையோ கொம்புகளின் வடிவத்தையோ பார்க்க வழியில்லை. பிரமிடெல்லிட் நத்தையின் கொம்புகள் பொதுவாக நூல்போல் நீளாமல், காதுமடல்போல் அகன்று முக்கோணமாக இருக்கும். கண்கள் இரண்டும் கொம்புகளின் வெளிப்புறத்தில் அல்லாமல் உட்புறத்தில், ஒன்றையொன்று நெருங்கி அமைந்திருக்கும். வாய்க்குக் கீழே முன்னோக்கி நீண்ட ஒரு தட்டையான மடலும் உண்டு. இவற்றை எல்லாம் நத்தை ஊர்ந்துகொண்டிருக்கும்போதே படமெடுத்துவிட வேண்டும்.

அதன்பின் நத்தையைத் தளர்த்த மக்னீசியம் குளோரைடு உப்பைப் பயன்படுத்தலாம். கடைகளில் கிடைக்கும் படிக வடிவ உப்பை ஒரு லிட்டர் நல்ல நீருக்கு ஏறத்தாழ 75 கிராம் கரைத்தால், அது கடல்நீரின் செறிவுக்கு அருகில் வரும். அந்தக் கரைசலைக் கிண்ணத்தின் கடல்நீருடன் சிறிது சிறிதாகச் சேர்த்துச் சம அளவுக்குக் கொண்டுவந்தால், நத்தை ஒடுங்காமல் தளர்ந்துவிடும். பிறகு 96 விழுக்காட்டு எத்தனாலுக்கு மாற்றுங்கள். ஃபார்மலினைத் தொடவே வேண்டாம். அது நாளடைவில் அமிலத்தன்மை அடைந்து, மெல்லிய சுண்ணாம்பு ஓட்டை அரித்துவிடும், டிஎன்ஏவையும் சிதைக்கும். அதேபோல் ஓட்டை வெளுக்கச் சலவைத்தூள் நீரில் ஊறவைப்பதும் தவறு. நாம் மிகவும் நம்பியிருக்கும் உச்சிப்பகுதியே முதலில் பாழாகும்.

ஒவ்வொரு குப்பிக்கும் உள்ளேயே, பென்சிலால் எழுதிய சீட்டு இருக்க வேண்டும். பேனா மை எத்தனாலில் கரையும். வெளியே ஒட்டிய சீட்டு உரிந்து விழும். இடம், ஆழம், தேதி, அடித்தளம், சேகரித்தவர், உடனிருந்த ஓம்புயிரி ஆகிய ஆறும் இல்லாத மாதிரி, எவ்வளவு அழகாக இருந்தாலும், அயலினத்தின் சான்றாக நிற்காது.

மூன்றாம் படி: உச்சியைப் பாருங்கள், வலம்புரியை அங்கே காண்பீர்கள்

இந்தக் குடும்பத்தை மற்ற நுண்ணத்தைகளிலிருந்து பிரிக்கும் முதன்மையான அடையாளம் ஓட்டின் உச்சியில் இருக்கிறது. நத்தை லார்வாவாக இருந்தபோது கட்டிய முதல் ஓடு, வளர்ந்த பின்னும் கூம்பின் நுனியில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். பிரமிடெல்லிட் நத்தையில் இந்த லார்வா ஓடு, வளர்ந்த ஓட்டின் அச்சுக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் சாய்ந்து, பின்னந்தலையில் முடிந்த கொண்டைபோல் கிடக்கும். அதுமட்டுமல்ல, அது சுற்றும் திசையும் வளர்ந்த ஓட்டின் திசைக்கு எதிரானது.

திசையைப் பற்றித் தமிழ் வாசகர் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் இங்கே குழப்பம் எளிதில் நேரும். உச்சி மேலே இருக்க, வாய் நம்மை நோக்கியிருக்க ஓட்டைப் பிடித்தால், பெரும்பாலான நத்தைகளின் வாய் வலப்பக்கம் இருக்கும். உயிரியலார் இதை வலச்சுற்று என்பர். மன்னார் வளைகுடாவில் எடுக்கப்படும் சாதாரணச் சங்கும் இப்படிப்பட்டதுதான்; ஆனால் நாம் அதை இடம்புரி என்கிறோம். அபூர்வமான வலம்புரிச் சங்கின் வாய், அதே நிலையில் பிடிக்கும்போது இடப்பக்கம் இருக்கும். உயிரியலார் அதை இடச்சுற்று என்பர். சங்கைப் பிடிக்கும் முறையும் சுற்றைப் பின்தொடரும் முறையும் வேறானதால் நேர்ந்த இந்தப் பெயர் மாற்றத்தை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொண்டால் போதும்: பிரமிடெல்லிட் நத்தையின் வளர்ந்த ஓடு நம் வழக்கில் இடம்புரி, அதன் உச்சியில் சாய்ந்து கிடக்கும் லார்வா ஓடு தோற்றத்தில் வலம்புரி. ஆங்கில நூல்களின் விளக்கத்தைப் படிக்கும்போது இந்தச் சொற்களை அப்படியே மாற்றிப் படித்தால் எல்லாம் தலைகீழாகிவிடும் என்பதால், குறிப்பேட்டில் 'வாய் எந்தப் பக்கம்' என்றே எழுதிவைப்பது பாதுகாப்பானது.

லார்வா ஓடு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதும் இனங்காண உதவும். இந்தக் குடும்பத்தை ஆராய்ந்தோர் அதை ஏ, பி, சி என்று மூன்று வகையாகப் பிரிக்கின்றனர். ஏ வகையில் லார்வா ஓட்டின் சுற்றுகள் அச்சுக்கு ஏறத்தாழக் குறுக்காகப் படுத்து, தெளிவாக வெளியே தெரியும். பி வகையில் மேலும் சாய்ந்து ஒரு பகுதி மறையும். சி வகையில் வளர்ந்த ஓட்டின் முதற்சுற்றுக்குள் புதைந்து, உச்சி மழுங்கியதுபோல் தோன்றும். இதைக் காண 10 மடங்கு கைலென்ஸ் போதாது. குறைந்தது 40 மடங்கு உருப்பெருக்கும் இருகண் நுண்ணோக்கி தேவை. வெளியிடத்தக்க படத்துக்கு மின்னணு அலகிடு நுண்ணோக்கியே சிறந்தது. ஓட்டைப் பக்கவாட்டில் மட்டும் பார்க்காமல், மெழுகிலோ களிமண்ணிலோ நட்டு, உச்சியை நேராகவும் நான்கு திசையிலும் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் நேராகத் தெரியும் உச்சி மறு கோணத்தில் சாய்ந்திருப்பது புலப்படும்.

உச்சி உடைந்த ஓட்டை ஒதுக்கி வையுங்கள். அதற்குப் பெயரிட முயன்று நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

நான்காம் படி: ஒத்த உருவங்களை விலக்குதல்

சிறு வெள்ளைக் கூம்பு ஓடுகளில் பிரமிடெல்லிட்டோடு அதிகம் குழம்புவது யூலிமிடே குடும்பம். அவையும் ஒட்டுண்ணிகள்தாம், ஆனால் கடல்வெள்ளரி, கடல்முள்ளெலி, நட்சத்திரமீன் போன்ற முட்தோலிகளின் மேல் வாழ்பவை. அவற்றின் ஓடு பீங்கான்போல் மிகப் பளபளப்பாக, பல சிற்றினங்களில் சற்றே வளைந்து இருக்கும், உச்சி நேரானது, நடுத்தண்டில் (சுற்றுகள் சுற்றிச் செல்லும் ஓட்டின் நடு அச்சுத்தூணில்) மடிப்பு இராது. முட்தோலியின் மேல் கிடைத்த நத்தையின் உச்சி நேராகவும் இருந்தால் அந்தப் பக்கம் தேடுங்கள்.

நெட்டைக் கூம்பாக, முத்துமுத்தான வரிகளோடு தெரியும் நத்தைகள் பெரும்பாலும் கடற்பஞ்சுகளை உண்ணும் செரித்தியோப்சிடே, டிரைபோரிடே குடும்பத்தவை. டிரைபோரிடேயில் பெரும்பான்மைக்கு வளர்ந்த ஓட்டின் வாயே இடப்பக்கம் இருக்கும். ஆகவே இவற்றை உடனே பிரித்துவிடலாம். எதிர்த்திசையில் சுற்றிய லார்வா ஓடு வேறு சில குடும்பங்களுக்கும் உண்டு. அவற்றுள் ஒன்று தட்டையான, சூரியக்கடிகை போன்ற ஆர்க்கிடெக்டோனிசிடே. அதன் வடிவமே வேறு.

ஐந்தாம் படி: பேரினமும் சிற்றினமும்

குடும்பம் உறுதியானதும் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். ஓட்டின் மேற்பரப்பில் என்ன வரிகள்? வாயின் உள்ளே, நடுத்தண்டில் மடிப்பு உண்டா? நிறப்பட்டை உண்டா?

சிர்னோலா ஃபேசியேட்டா என்பது 1882இல் ஜிகேலி என்னும் ஆய்வாளர் செங்கடலிலிருந்து விவரித்த நத்தை. இன்று கிழக்கு மத்தியதரைக் கடலில் நன்கு நிலைபெற்ற அயலினங்களுள் ஒன்று. அதன் ஓடு மெலிந்து நீண்ட கூம்பு, மேற்பரப்பு மழமழப்பானது, சுற்றுகளின் பக்கங்கள் ஏறத்தாழத் தட்டையானவை. இலத்தீனில் 'பட்டையிட்டது' என்று பொருள்படும் அதன் பெயருக்கேற்ப, சுற்றுகளில் பழுப்புப் பட்டை ஓடும். அதற்கு மிக நெருங்கித் தோன்றும் இயல்பினம் யூலிமெல்லா அசிகுலா. அதுவும் மழமழப்பான, மெலிந்த கூம்புதான். இரண்டையும் பிரிக்கும் நம்பகமான அடையாளம் நடுத்தண்டு: சிர்னோலாவில் அங்கே தெளிவான மடிப்பு ஒன்று, சிறு பல்போல் தெரியும்; யூலிமெல்லாவில் இராது.

இங்கேதான் புதியவர் பெரும்பாலும் தவறுகிறார். நேராகப் பார்க்கும்போது மடிப்பு வாயின் உட்புறத்தில் மறைந்திருக்கக்கூடும். ஓட்டை அதன் அச்சில் மெல்லத் திருப்பி, வாய்க்குள் ஒளி சாய்வாக விழும்படி செய்து பார்க்க வேண்டும். அப்படியும் ஐயம் இருந்தால், பல மாதிரிகள் கையிலிருக்கும்போது ஒன்றின் கடைசிச் சுற்றை ஊசிமுனையால் உடைத்து நடுத்தண்டை வெளிக்கொணருங்கள். படமெடுத்த பிறகு, ஒரே ஒரு மாதிரியில் மட்டும். நிறப்பட்டையை மட்டும் நம்பிவிட வேண்டாம். இறந்து நெடுநாள் கிடந்த ஓட்டில் அது வெளுத்து மறைந்துவிடும். மறுபக்கம், டர்போனில்லா ரூஃபா போன்ற இயல்பினங்களிலும் பழுப்புப் பட்டை உண்டு. ஆனால் அதில் நெடுக்கே ஓடும் மேடுகளும் அவற்றினிடையே குறுக்குக் கோடுகளும் உண்டு என்பதால் மழமழப்பான சிர்னோலாவோடு அது குழம்பாது.

இரண்டாவது எடுத்துக்காட்டு சிங்குலினா இசெல்லி. 'சிறு கச்சை' என்ற பொருளிலான பேரினப் பெயரே இதை இனங்காட்டும்: ஒவ்வொரு சுற்றிலும் குறுக்கே, இடுப்பில் கட்டிய கயிறுபோல் எடுப்பான மேடுகள் சில ஓடும், நெடுக்கு மேடுகள் எடுத்துத் தெரியா. மத்தியதரைக் கடலின் டர்போனில்லா இயல்பினங்களில் நெடுக்கு மேடுகளே முதன்மையானவை என்பதால், மேடுகளின் திசையை முதலில் குறித்துவிட்டாலே பாதிப் பணி முடிந்துவிடும். டர்போனில்லா லாக்டியாவின் ஓடு ஒன்றை ஒப்பீட்டுக்காக எப்போதும் அருகில் வைத்திருங்கள். வார்த்தையில் படித்த 'நெடுக்கு', 'குறுக்கு' எல்லாம் இரண்டு ஓடுகளை ஒரே தட்டில் வைத்துப் பார்க்கும்போதுதான் கைக்கு வரும்.

அளவை மட்டும் வைத்து முடிவெடுப்பதை முற்றிலும் தவிர்க்க வேண்டும். இளம் நத்தையின் ஓட்டில் சுற்றுகள் குறைவு. ஆகவே நீளத்தோடு சுற்றுகளின் எண்ணிக்கையையும், கடைசிச் சுற்றின் அகலத்தையும், லார்வா ஓட்டின் விட்டத்தையும் சேர்த்தே குறியுங்கள். லார்வா ஓட்டின் விட்டம் வயதோடு மாறுவதில்லை என்பதால் ஒப்பிடுவதற்கு அதுவே மிக நம்பகமானது.

ஆறாம் படி: வந்த இடத்தின் நூல்களைத் தேடுங்கள்

ஐரோப்பியக் கடல்நத்தை நூலில் இல்லாத ஒரு நத்தை அகப்பட்டால், புதிய சிற்றினம் என்று கருதத் தோன்றும். அந்த எண்ணத்தை ஒத்திவையுங்கள். செங்கடல், பாரசீக வளைகுடா, இந்தியப் பெருங்கடல் ஆகியவற்றின் பழைய நூல்களில் அது எப்போதோ விவரிக்கப்பட்டிருக்கக்கூடும். சிங்குலினா இசெல்லியின் பெயரில் இருக்கும் ஆர்தூரோ இசெல், கால்வாய் திறந்த அதே 1869இல் செங்கடலின் மெல்லுடலிகளைப் பற்றி நூல் வெளியிட்டவர். அவர் சேகரித்து ஜெனோவா அருங்காட்சியகத்தில் வைத்த ஓடுகளை ஹோர்னுங், மெர்மோ என்னும் இருவர் அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 1924 முதல் விவரித்தனர். இன்று மத்தியதரைக் கடலில் அயலினமாகப் பதிவாகியிருக்கும் பிர்குலினா மாயே அவர்கள் பெயரிட்டதே. இழுப்பறையில் அத்தனை ஆண்டுகள் காத்திருந்த ஓடுகள்தாம் இன்று அயலினத்தை அறிய அளவுகோல் என்பதை எண்ணும்போது, பழஞ்சேகரங்களைக் காப்பவர்களிடம் எனக்கு மிகுந்த நன்றியுணர்வு உண்டாகிறது.

இந்தத் தேடல் நம் பக்கத்துக் கடலுக்கும் வரும். ஜேம்ஸ் காஸ்மோ மெல்வில் 1896இல் பம்பாய்க் கரையின் மிகச்சிறு கடலோடுகளைப் பற்றி எழுதினார். அதே ஆண்டில் அவர் பெயரிட்ட டர்போனில்லா எட்கரீ இன்று கிழக்கு மத்தியதரைக் கடலின் அயலினப் பட்டியல்களில் இருக்கிறது. ஓம்புயிரிகளின் பயணமும் இதனோடு தொடர்புடையது. செங்கடல் முத்துச்சிப்பியான பிங்க்டாடா ரேடியேட்டா, கால்வாய் திறந்த சில ஆண்டுகளிலேயே எகிப்தின் வடகரையில் காணப்பட்டது. மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பி அதன் நெருங்கிய உறவு. சிப்பி முன்னே சென்றிருக்கும் இடத்தில் சிப்பியைத் துளைக்கும் நத்தை பின்தொடர வாய்ப்பு உண்டு; எனவே மத்தியதரைக் கடலில் வந்தேறிய சிப்பிகளையும் நத்தைகளையும் முதலில் ஆராயுங்கள் என்பது என் பரிந்துரை.

பெயர்களைத் தேடும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். பெயரிட்டவர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் இருந்தால், அந்தச் சிற்றினம் முதலில் வேறொரு பேரினத்தில் வைக்கப்பட்டுப் பின்னர் மாற்றப்பட்டது என்று பொருள். சிங்குலினா இசெல்லியில் (ட்ரையான், 1886) என்று இருக்கும். சிர்னோலா ஃபேசியேட்டாவில் ஜிகேலி, 1882 என்று அடைப்புக்குறியின்றி இருக்கும். பிரமிடெல்லிட்களில் பேரின மாற்றம் அடிக்கடி நிகழ்வதால், மொல்லஸ்காபேஸ் என்னும் இணையத் தரவுத்தளத்தில் இன்றைய பெயரைச் சரிபார்த்து, பழைய பெயர்கள் அனைத்தையும் கொண்டு தேட வேண்டும். இல்லாவிட்டால் முன்பே பதிவான அயலினத்தை 'முதற்பதிவு' என்று அறிவிக்கும் பிழை நேரும்.

ஏழாம் படி: டிஎன்ஏவும் அதன் எல்லையும்

விலங்குகளில் பரவலாகப் பயன்படும் சிஓஐ என்னும் மரபணுத் துண்டு, ஏறத்தாழ 658 எழுத்துகள் நீளமுள்ளது, இங்கும் பயன்படும். ஆனால் ஒட்டுண்ணிக்கு ஒரு சிறப்புச் சிக்கல் உண்டு. அதன் வயிறு நிறைய இருப்பது ஓம்புயிரியின் உடல்நீர். முழு உடலையும் அரைத்து டிஎன்ஏ எடுத்தால், நத்தைக்குப் பதிலாகச் சிப்பியின் டிஎன்ஏ எழுத்து வரிசையே கிடைத்துவிடக்கூடும். முடிந்தவரை பாதத்தின் ஒரு துணுக்கை மட்டும் எடுங்கள். உடலை ஓட்டிலிருந்து சேதமின்றிப் பிரிக்க, ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008இல் விளக்கிய 'நிக்கு-நுக்கி' முறை உதவும்: நத்தையைச் சிறிது நேரம் வெந்நீரில் அமிழ்த்தினால் தசை ஓட்டைவிட்டு நழுவும், பின் மெல்லிய கொக்கியால் உடலை வெளியே இழுக்கலாம். இவ்வளவு சிறிய நத்தையில் இதற்கு நல்ல பழக்கம் வேண்டும். முதலில் உள்ளூரில் மிகுதியாகக் கிடைக்கும் நத்தைகளில் கைபழகிக்கொள்ளுங்கள்.

கிடைத்த வரிசையைப் பொதுத் தரவுவங்கியில் ஒப்பிடும்போது, அங்குள்ள பெயரும் யாரோ ஒருவர் ஓட்டைப் பார்த்து இட்டதே என்பதை மறவாதீர்கள். பொருத்தம் எதுவும் இல்லாமல் போவதும் இயல்பு. இந்தியப் பெருங்கடலின் நுண்ணத்தைகளில் பெரும்பான்மைக்கு வரிசைகளே இல்லை. வரிசை, ஓட்டின் சான்றுக்குத் துணை நிற்கும். அதன் இடத்தை அது எடுத்துக்கொள்ளாது.

எட்டாம் படி: அயலினம் என்று எப்போது சொல்லலாம்

பெயர் தெரிந்துவிட்டது என்பதாலேயே அது அயலினம் என்று முடிவாகாது. அந்தச் சிற்றினம் வேறொரு கடலில் முன்பே அறியப்பட்டிருக்க வேண்டும். இங்குள்ள பழைய சேகரங்களில் காணப்படாமல் இருக்க வேண்டும். வந்த வழிக்கு ஏற்ற பரவல் இருக்க வேண்டும். கிழக்கு மத்தியதரைக் கடலில் கரையோர நீரோட்டம் எகிப்திலிருந்து வடக்கே இஸ்ரேல், லெபனான், சிரியா வழியாகத் துருக்கியை நோக்கிச் செல்கிறது. கால்வாய் வழி வந்தவை பல இந்த வரிசையிலேயே பதிவாகியுள்ளன. கால்வாயின் நடுவிலிருந்த கசப்பு ஏரிகளின் உப்புப் படுகை நாளடைவில் கரைந்ததும், எகிப்தின் அஸ்வான் உயர் அணைக்குப் பின் நைல் நன்னீர் குறைந்ததும் இந்தப் பயணத்துக்கு இருந்த தடைகளைத் தளர்த்தின. கால்வாயை வெட்டிய லெசெப்ஸின் பெயரால் இதற்கு லெசெப்சியப் பெயர்ச்சி என்று பெயர் வழங்கியவர் உயிரியலாளர் பிரான்சிஸ் டோவ் போர். ஆனால் கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றி இறக்கும் அடிச்சுமை நீர், கப்பலின் அடியில் ஒட்டி வளரும் உயிர்ப்படிவு, வளர்ப்புச் சிப்பிக் குஞ்சுகளை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுசெல்லும் வணிகம் ஆகியவையும் வழிகளே. துறைமுகத்தின் அருகிலோ சிப்பிப் பண்ணையின் அருகிலோ மட்டும் கிடைத்த நத்தைக்குக் கால்வாயைக் காரணமாகக் காட்டும் முன் இவற்றைச் சரிபாருங்கள். எந்தப் பக்கமும் சான்று போதாதபோது 'பூர்வீகம் தெளிவற்றது' என்ற வகையில் வையுங்கள். அமெரிக்க உயிரியலாளர் ஜேம்ஸ் கார்ல்டன் 1996இல் அந்த வகையை வலியுறுத்தியது இத்தகைய நிலைக்காகவே.

உயிருள்ளதா, வெற்று ஓடா என்பதை ஒவ்வொரு மாதிரிக்கும் தனியாகக் குறிக்க வேண்டும். கடலடி மணலில் ஓடுகள் நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும். அந்தப் பண்பைப் பயன்படுத்தி, பாவ்லோ அல்பானோ தலைமையிலான குழு இஸ்ரேல் கரையின் இறந்த ஓடுகளையும் உயிருள்ள மெல்லுடலிகளையும் ஒப்பிட்டு 2021இல் வெளியிட்ட முடிவு வருத்தமளிப்பது: ஆழமற்ற பகுதியில் முன்பு வாழ்ந்த இயல்பினங்களில், மணற்தளத்தில் 12 விழுக்காடும் பாறைத்தளத்தில் 5 விழுக்காடும் மட்டுமே உயிருடன் காணப்பட்டன. ஓர் இயல்பினத்தின் வெற்று ஓட்டை 'இன்றும் வாழ்கிறது' என்று எழுதினால் இந்த இழப்பு மறைந்துவிடும். அயலினத்தின் ஒற்றை வெற்று ஓட்டை 'நிலைபெற்றது' என்று எழுதினால் இல்லாத படையெடுப்பு ஒன்று பட்டியலில் ஏறிவிடும். நிலைபெற்றது என்று சொல்ல, வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு வயதுடைய உயிருள்ள நத்தைகள் கிடைத்திருக்க வேண்டும். முட்டைத்திரள் கிடைத்தால் இன்னும் நல்லது. இந்த நத்தைகள் இருபால் உயிரிகள், தம் கூழ்மமான முட்டைத்திரளைப் பெரும்பாலும் ஓம்புயிரியின் ஓட்டின் மேலேயே ஒட்டிவைக்கும்.

இறுதியாக, மாதிரிகளைப் பொது அருங்காட்சியகத்தில் பதிவெண்ணுடன் ஒப்படையுங்கள். வீட்டு மர அலமாரியில் வைக்க வேண்டாம். மரத்திலிருந்து கசியும் அமில ஆவி ஓட்டின் மேல் வெள்ளைப் பூப்பாகப் படிந்து, சில ஆண்டுகளில் நுண்வரிகளை எல்லாம் அழித்துவிடும். உலோகப் பெட்டியும் கண்ணாடிக் குப்பியும் போதும். சிற்றினம் வரை செல்ல முடியாத மாதிரியைப் பேரினப் பெயரோடு நிறுத்தி, உச்சி, நடுத்தண்டு, மேற்பரப்பு ஆகிய மூன்றின் படங்களையும் சேர்த்தே ஒப்படையுங்கள். அதே நத்தையின் இரண்டாவது மாதிரி வேறொரு கரையில் வேறொருவர் கையில் கிடைக்கும் நாளில், அவர் ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் படங்களும் பதிவெண்ணும் இருக்கும்.